எருமைகள் விதைத்த பள்ளம்

எங்கள் ராயபுரத்தில் எவ்வளவு சொன்னாலும் உறைக்காதவர்களை 'எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி' என்று திட்டுவோம். கல்யாணமாகி, மணலி புதுநகரைத் தாண்டி வள்ளூர் போகிற வழியில் இருக்கும் என் வீட்டுக்காரரின் ஊருக்கு வந்த பிறகுதான் ஒன்று தெரிந்தது. இதை முதலில் சொன்ன ஆள் எருமையின் பக்கத்தில்கூடப் போனதில்லை. மழை எருமைக்கு நன்றாகவே உறைக்கும். கண்ணைப் பாதி மூடி, காதைத் தொங்கப்போட்டு, எண்ணெய் தேய்த்துவிடக் காத்திருக்கும் மாமனார் மாதிரி அது அனுபவித்து நிற்கும். இதை எனக்குக் காட்டியவர் என் வீட்டுக்காரரின் அக்கா.

அவரை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அண்ணியைப் பொன்னேரிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். புருஷன் சரியில்லை. ஒருநாள் காலையில், சீராகக் கொடுத்த எருமையை அவிழ்த்து, அதை ஓட்டிக்கொண்டு நடந்தே பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டார். நகையை ஏன் விட்டுவிட்டு வந்தாய், பாத்திரத்தை ஏன் விட்டுவிட்டு வந்தாய் என்று ஊரே விசாரித்தது. "அதெல்லாம் பால் கறக்குமா?" என்று கேட்டாராம். நான் அந்த வீட்டுக்குள் நுழைந்தபோது கொட்டகையில் நின்ற எருமைகள் எல்லாம் அந்த ஒரு எருமையின் மகள்கள், பேத்திகள். தம்பி வீட்டில் அண்ணி யாருக்கும் தலை குனியாமல் இருந்தார் என்றால் அது அந்த எருமைகளால்தான். அவர் சோற்றை அவர் எருமைகள் சம்பாதித்தன.

அண்ணி கறப்பார். என் வீட்டுக்காரர் பால் கேன்களை மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு கொருக்குப்பேட்டை டீக்கடைகளுக்குக் கொண்டு போவார். திரும்பி வரும்போது மார்க்கெட்டில் ஒதுக்கிப்போட்ட முட்டைக்கோஸ் இலை, அழுகின தக்காளி, உடைந்த பூசணி, ஜூஸ் கடைகளின் தர்பூசணித் தோல் எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு வருவார். அந்த வண்டி போகும்போது பால் வாசனை, வரும்போது குப்பை வாசனை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவரின் மகள் நான். எருமைக்கும் பயம், சாணிக்கும் அருவருப்பு. முதல் மாதமே அண்ணியோடு சண்டை. என் நல்ல புடவையைக் கொட்டகைக் கொடியில் காயப்போட்டேன், ஒரு கிடேரி அதன் முந்தானையை மென்றுவிட்டது. நான் கத்தினேன். அண்ணி புடவையைப் பார்க்காமல் கிடேரியின் வாயைத் திறந்து பார்த்தார். "ஜரிகை கிரிகை முழுங்கிட்சா பாரு" என்றார். மூன்று நாள் அவரோடு நான் பேசவில்லை. அவர் அதைக் கவனித்த மாதிரியும் தெரியவில்லை.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் மேய்க்கால் இருந்தது. ஊர் மாடுகள் மேய்வதற்காக அரசாங்கம் விட்டுவைத்த பொது நிலம். அருகம்புல்லும் கோரையும், நடுவில் தண்ணீர் தேங்கும் ஒரு தாழ்வும் உண்டு. தூரத்தில் அனல் மின்நிலையத்தின் புகைபோக்கி, அதற்கும் அப்பால் உப்பங்கழி. துறைமுகமும் கன்டெய்னர் யார்டுகளும் வளர்ந்துகொண்டிருந்த காலம் அது. தாழ்வான இடங்களையெல்லாம் மேடாக்க மண் வேண்டியிருந்தது. எங்கள் மேய்க்காலில் சவுடு மண் எடுக்க ஒரு குத்தகைக்காரருக்கு உத்தரவு கிடைத்தது. வந்தார், வெட்டினார், லாரி லாரியாகக் கொண்டு போனார். அவர் ஓய்ந்தபோது மேய்க்கால் ஒரு பெரிய பள்ளமாகக் கிடந்தது. மேல்மண் சுத்தமாகப் போய்விட்டது. அடியில் தேய்த்துக் கழுவின தோசைக்கல் மாதிரி இறுகிய மஞ்சள் மண்தான் இருந்தது. எருமைகள் காலையில் பழக்கதோஷத்தில் அங்கே போய், விளிம்பில் நின்று கீழே பார்த்துவிட்டுத் திரும்பி வரும். அதைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

கிராம அதிகாரி ஒருநாள் வந்து விஷயத்தைப் போட்டு உடைத்தார். "புல்லே இல்லாத இடத்துக்கு மேய்க்கால்னு பேர் எதுக்குன்னு மேல கேக்குறாங்க. கன்டெய்னர் நிறுத்த இடம் தேடிக்கிட்டிருக்காங்க. மழைக்காலத்துக்கு முன்னாடி வருவாய் ஆய்வாளர் வந்து பார்ப்பார். மேய்ச்சல் இருந்தா மேய்ச்சல் நிலம். இல்லேன்னா பேரை மாத்திடுவாங்க."

அவர் போன பிறகு என் வீட்டுக்காரர் கணக்குப் போட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. மார்க்கெட் கழிவு மட்டும் தின்று எருமை பிழைக்காது. மேய்க்கால் போனால் எருமைகளை விற்க வேண்டியதுதான். அன்றைக்கு அண்ணி ராத்திரிச் சாப்பாட்டைத் தொடவில்லை. எப்போதும் என் சமையலில் உப்பு கம்மி, புளி ஜாஸ்தி என்று ஏதாவது சொல்பவர், அன்றைக்குத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து கொட்டகைக்குப் போய்விட்டார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஆய்வாளர் வருவதற்குள் பள்ளத்தில் புல் வளர்த்துவிடுவது என்று முடிவு செய்தோம். முதல் வேலை பள்ளத்தின் கரைகளைச் சரிப்பது. நாலு பக்கமும் சுவர் மாதிரி செங்குத்தாக நின்றன. எருமை இறங்கவும் முடியாது, தவறி விழுந்தால் கால் போய்விடும். மண் எடுத்தவரே கரையைச் சரித்துக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவில் இருந்ததாம். என் வீட்டுக்காரர் வாயில்லாப் பூச்சி. அவர் பலமுறை நடையாய் நடந்து, கெஞ்சி, ஒரு சித்திரை மாதக் காலையில் ஜேசிபியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். மூன்று பக்கம் வேலை ஒழுங்காக நடந்தது. கிழக்குச் சுவருக்கு வண்டி திரும்பியபோது அண்ணி போய் அதன் முன்னால் நின்றுகொண்டார்.

நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். கிழக்குச் சுவர் கொஞ்சம் மணற்பாங்கானது. அதில் வரிசையாகச் சின்னச் சின்னப் பொந்துகள். ஒவ்வொன்றிலும் பச்சைக் குருவிகள் போய் வந்துகொண்டிருந்தன. ஒல்லியான குருவி, வாலில் ஊசி மாதிரி ஒரு இறகு, கண்ணுக்கு மை இட்ட மாதிரி ஒரு கோடு. வாயில் தும்பியைக் கவ்விக்கொண்டு வந்து பொந்துக்குள் நுழையும், காலி வாயோடு வெளியே வரும். அதற்குப் பஞ்சுருட்டான் என்று பேர் என்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. அண்ணிக்குப் பச்சைக் குருவிதான்.

"யக்கா, நகரு. இந்த வண்டி மறுபடி வராது" என்றார் என் வீட்டுக்காரர்.

"உள்ள குஞ்சு கீதுடா."

"எரும விழுந்தா இன்னா பண்ணுவ?"

"விழாம நான் பாத்துக்கறேன். கால் இருக்குற எருமைய நான் தடுக்கலாம். றெக்க மொளைக்காத குஞ்ச யாரு தடுக்கறது?"

ஜேசிபி ஓட்டுநர் ஒரு பீடி பற்றவைத்து, அக்காவும் தம்பியும் முடிவு செய்யட்டும் என்று காத்திருந்தார். பீடி முடிந்தது, முடிவு வரவில்லை. அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். என் வீட்டுக்காரருக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு முழுவதும் வீட்டில் யாரோடும் பேசவில்லை. சாதாரணமாகவே அதிகம் பேசாதவர் என்பதால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

மறுநாள் அண்ணி அரிவாளை எடுத்துக்கொண்டு வேலிகாத்தான் முள் வெட்டக் கிளம்பினார். எனக்கு என்ன தோன்றியதோ, நானும் போனேன். கிழக்குச் சுவரின் மேல் விளிம்பிலும் அடியிலும் முள்வேலி போட்டோம். கையெல்லாம் கீறல். அண்ணி என் கையைப் பிடித்துப் பார்த்து, "ராயபுரத்துக் கை, பரவால்ல" என்றார். அவர் வாயிலிருந்து எனக்கு வந்த முதல் பாராட்டு அது. அதை நான் அம்மா வீட்டுக்குப் போனபோது ரெண்டு முறை சொன்னேன்.

அடுத்தது புல். என் வீட்டுக்காரர் எங்கிருந்தோ புல் விதை வாங்கி வந்து தூவினார். கோடை மழை ஒன்று அடித்தது. இறுகின மண்ணில் விதை எங்கே ஒட்டும்? எல்லாம் அடித்துக்கொண்டு போய்த் தாழ்வில் நுரையோடு மிதந்தது. அண்ணிதான் யோசனை சொன்னார். பொன்னேரிப் பக்கம் அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்காரர்கள் கிடை போடுவார்கள். ராத்திரி ஆடுகளை வயலில் அடைத்துவைத்தால் புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம். "ஆடு போட்டா ஒரம், எரும போட்டா மட்டும் கலீஜா?" என்றார் அண்ணி. "புல்லு துன்ன எரும சாணியில புல்லு வெதையும் இருக்கும். ஒரமும் வெதையும் ஒரே பொட்டலம்."

அப்படியே செய்தோம். தினமும் சாயங்காலம் எருமைகளைப் பள்ளத்துக்கு ஓட்டி, ஒவ்வொரு பகுதியாகக் கயிறு கட்டி அடைத்தோம். தீவனத்தையும் அங்கேயே போட்டோம். எருமைகள் தின்றன, மிதித்தன, சாணி போட்டன. இறுகின மண் குளம்பு பட்டு உடைந்தது. ஒரு மூலையில் ஆள்காட்டிக் குருவி ஒன்று வெறுந்தரையில் முட்டை வைத்திருந்தது. எங்கள் கொட்டகையிலேயே பெரிய எருமை அந்தப் பக்கம் போனதும் அது றெக்கையை விரித்து எதிரே நின்று கத்திய கத்தலில், எருமை வழியை விட்டு விலகிப்போனது. அத்தனை பெரிய உடம்பு, இத்தனை சின்னப் பறவைக்கு மரியாதை கொடுத்துச் சுற்றிப் போனதைப் பார்த்த நாளில்தான் எனக்கு எருமைப் பயம் போனது என்று நினைக்கிறேன். பொந்துகளிலிருந்து பச்சைக் குருவிக் குஞ்சுகள் பறந்ததும் அந்த நாட்களில்தான்.

ஆடியில் ரெண்டு மழை பெய்தது. கிடையை நிறுத்திவிட்டு, புல் வேர் பிடிக்கும்வரை ஒரு குளம்பும் உள்ளே இறங்கக்கூடாது என்று அண்ணி உத்தரவு போட்டார். எருமைகள் கால்வாய்க் கரையில் கிடைத்ததை மேய்ந்தன. கொஞ்ச நாளில் பள்ளத்தில் பச்சை தெரிந்தது. மூன்று பேரும் ஓடினோம். அண்ணி குனிந்து ஒரு இலையைக் கிள்ளி முகர்ந்தார். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

"தக்காளிடா" என்றார்.

விதை ஒன்று போட்டால் சுரை ஒன்றா முளைக்கும் என்பார்கள். எங்கள் பள்ளத்தில் முளைத்தது. பள்ளம் முழுக்கத் தக்காளி, பூசணி, தர்பூசணி, ஓரத்தில் வெள்ளரி. காட்டு எருமையா அது, காட்டுப் புல் விதையைச் சுமந்து வர? கொருக்குப்பேட்டை மார்க்கெட்டைத் தின்ற எருமை. மார்க்கெட்டைத்தான் விதைத்திருந்தது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். வயிற்றில் முதல் பிள்ளை. சிரிக்காதே என்று என் வீட்டுக்காரர் அதட்டவேண்டிய அளவுக்குச் சிரித்தேன். அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. ஒரு பூசணிக் கொடியைத் தூக்கி அடியில் பார்த்தார். கொடியின் நிழலில் ஈரம் காயாமல் இருந்தது. அந்த ஈரத்தில் நூல் மாதிரி நாலைந்து அருகம்புல். தாழ்வின் ஓரத்திலிருந்து ஊர்ந்து வந்திருந்தது.

"கொடி இருக்கட்டும்" என்றார். "வெயிலுக்குக் குடை."

அந்தக் கொடிகளோடு எனக்கு ஒரு உறவு உண்டானது என்றே சொல்ல வேண்டும். தினமும் போய் உட்காருவேன். தக்காளியைக் கண்டால் நாக்கு ஊறும் காலம் எனக்கு. அண்ணி விடமாட்டார். "மேய்க்கால்ல வெளஞ்சது மாட்டுக்கு. நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது" என்பார். ஆனால் பள்ளத்தின் நடுவே ஒரு பூசணி பெருத்துக்கொண்டே வந்தது. அதை மட்டும் அவரே தினமும் திருப்பி வைத்து, அடியில் காய்ந்த கோரையைச் செருகுவார். ஒருநாள் என்னைப் பார்க்காமலே சொன்னார்: "அது ஒண்ணு உனுக்கு. வளைகாப்புக்குக் கூட்டு வெக்கறேன். அதுங்களாண்ட நான் கேட்டுக்கறேன்."

புரட்டாசி கடைசியில் வருவாய் ஆய்வாளர் வந்தார். கிராம அதிகாரியின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். எங்கள் பக்கத்துச் சாம்பல் புழுதி அப்படி. நாங்கள் பெருமையாகப் பள்ளத்தின் விளிம்பில் நின்றோம். மஞ்சள் பூவும் சிவப்புத் தக்காளியுமாகப் பள்ளம் பூராவும் பச்சை. அவர் பார்த்தார். முகம் இறுகியது.

"யார் இங்க பயிர் வெச்சது?"

எங்களுக்குப் புரியவே கொஞ்சம் நேரம் ஆனது. பனைமரத்தடியில் உட்கார்ந்து பால் குடித்தாலும் கள் என்பார்களே, அந்தக் கதை. அவர் கண்ணுக்கு அது தோட்டம். முள்வேலி வேறு.

"மேய்க்கால்ல காய்கறி போட்டு வேலியும் கட்டியிருக்கீங்க. இது ஆக்கிரமிப்பு. இங்க மேய்ச்சல் இல்லேன்னுதான் நான் எழுதணும்."

நான் பேசப் போனேன். எனக்குக் கோபம் வந்தால் வார்த்தை முந்திக்கொண்டு வரும், அது காரியத்தைக் கெடுக்கும் என்று அண்ணிக்குத் தெரியும். என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு அவரே சொன்னார்.

"யாரும் வெக்கல சார். எரும வெச்சது."

"என்னம்மா, கிண்டலா?"

"வெதச்சவங்களையே இட்டாரேன். நீங்களே பாத்துக்கோங்க."

சொல்லிவிட்டு அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒரு கணம்தான். அவர் என்ன கேட்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. நான் தலையை ஆட்டினேன்.

அவர் கொட்டகைப் பக்கம் பார்த்து, நாக்கை மடித்து ஒரு சத்தம் கொடுத்தார். கட்டை அவிழ்க்க என் வீட்டுக்காரர் ஓடினார். எத்தனையோ நாளாக இறங்கக்கூடாது என்று தடுத்துவைத்திருந்த இடத்துக்குள் எருமைகள் சரிவில் இறங்கி வந்தன. அப்புறம் நடந்ததைச் சொல்ல வார்த்தை வேண்டாம். தக்காளிச் செடியை வேரோடு பிடுங்கின. வெள்ளரியைக் கடித்த சத்தம் மேலே கேட்டது. பெரிய எருமை நேராக நடுவுக்குப் போய், என் பூசணியின் மேல் ஒரு காலை வைத்து உடைத்து, மூக்கை உள்ளே விட்டது.

ஆய்வாளர் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்துவிட்டார்.

"பயிர் வெச்சவன் எவனாவது இத்த பாத்துகினு நிப்பானா சார்?" என்றார் அண்ணி. அவர் குரல் கொஞ்சம் நடுங்கியது. ஆய்வாளர் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டிருக்கலாம். பிறகு அண்ணி அவரைக் கீழே அழைத்துப்போய், எருமை இழுத்துப் போட்ட கொடியின் அடியைக் காட்டினார். அருகம்புல் தரையோடு தரையாகப் பின்னிக்கிடந்தது. ஆய்வாளர் குனிந்து ஒன்றைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தார். கணு கணுவாக நீண்டுகொண்டே வந்தது, வேரை விடவில்லை.

"அப்போ அந்த வேலி?"

அண்ணி அதையும் காட்டினார். வேலிக்குள் ஒரு தக்காளிகூட இல்லை. வெறும் சுவர், பொந்துகள். முள்ளின் மேல் ரெண்டு பச்சைக் குருவிகள் உட்கார்ந்து, எருமை கிளப்பிவிட்ட பூச்சிகளைப் பறந்து பறந்து பிடித்துக்கொண்டிருந்தன. "பங்குனிக்குத் திரும்ப இதே சுவருக்கு வரும் சார். இடிச்சுட்டா எங்க போவும்? அத்தொட்டு எரும இங்க வராம தடுத்து வெச்சிருக்கேன்."

ஆய்வாளர் கொஞ்ச நேரம் குருவிகளைப் பார்த்தார். பிறகு ஷூவில் ஒட்டியிருந்த சாணியைப் பார்த்தார். "மேய்க்கால்தான்" என்றார் கிராம அதிகாரியிடம். "இதைவிட என்ன மேய்ச்சல் வேணும்?" வீட்டுக்கு வந்து ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டுப் போனார். நல்ல மனிதர்தான்.

அவர்கள் போன பிறகு நான் அண்ணியைத் தேடினேன். பள்ளத்தின் நடுவே, பூசணி இருந்த இடத்தில் உட்கார்ந்திருந்தார். பெரிய எருமை பக்கத்தில் அசை போட்டுக்கொண்டிருந்தது. அண்ணி அழுதுகொண்டிருந்தார். புருஷன் வீட்டை விட்டு வந்தபோதுகூட அழாதவர் என்று ஊரே சொல்லும். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "போகட்டும் அண்ணி, மார்க்கெட்ல வாங்கிக்கலாம்" என்றேன்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "போவட்டும். அதுங்க நட்டுச்சு, அதுங்களே துன்னுட்டுச்சு. நடுவுல நான் யாரு, உனுக்குத் தரேன்னு சொல்ல?" என்றார். பிறகு, "நீயும் தலையாட்டிட்டியே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பொம்பளையை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. வந்த நாளிலிருந்து சண்டை போட்டது அத்தனையும் அந்தப் பிரியத்தின் வேஷம்தானோ என்று தோன்றியது.

வளைகாப்புக்கு என் வீட்டுக்காரர் கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு முழுப் பூசணி வாங்கி வந்தார். அண்ணிதான் கூட்டு வைத்தார். உப்பு கொஞ்சம் கம்மி. நான் சொல்லவில்லை. விதையையும் தோலையும் குப்பையில் போடப் போனவளை நிறுத்தி, வாங்கிக்கொண்டு போய் எருமைத் தொட்டியில் கொட்டினார்.

பங்குனியில் பச்சைக் குருவிகள் திரும்பி வந்தன. போன வருஷத்துச் சுவரிலேயே புதுப் பொந்து தோண்டி மண்ணை வெளியே தள்ளின. அந்த மாதம் ஒரு சாயங்காலம் அண்ணி என் மகளைக் கையில் ஏந்திக்கொண்டு பள்ளத்தின் சரிவில் நின்றார். கீழே புல். புல்லில் எருமைகள். பெரிய எருமை தலையைத் தூக்கி ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டது.

"அதோ பாரு கண்ணு" என்று என் மகளுக்குக் காட்டினார் அண்ணி. "உன் பூசணிக்காய துன்னது அவதான். நாளைக்கு உனுக்குப் பால் குடுக்கப்போறவளும் அவதான்."